ஒல்லித் தையல்

அந்தப் படகை லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். கிசுமு ஏரிக்கரையில் படகு என்றால் பெண். பட்டறைக்காரன் பெண்ணைப் பெற்றவன், வாங்குகிறவன் மாப்பிள்ளை வீட்டான். பார்க்க வருவது, குறை சொல்வது, பேரம் பேசுவது, பாட்டுப் பாடி அழைத்துப் போவது எல்லாம் கல்யாண முறைதான். அப்படி அழைத்துப் போன பெண் ஒரு மழைக்காலம்கூட வாழாமல் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றால் ஊர் சும்மா விடுமா? ரபுடோவின் பட்டறைக்கு எதிரே மீன் பொரிக்கிற பெண்கள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். வாழாவெட்டி வந்துவிட்டாள் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு, பட்டறையில் வேலையாக இருந்த அபோண்டி வெல்டு முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் படகின் அடித்தகடுகளைச் சேர்க்கிற அடித்தையலை வெல்டு வைத்தவள் அவள்தான்.

நடந்தது இவ்வளவுதான். மஃபங்கானோ தீவிலிருந்து ஒமேனா மீன் மூட்டையும் சில ஆட்களுமாக எம்பிட்டாக் கரைக்கு வந்துகொண்டிருந்த படகு, பாதி ஏரியில் அடித்தையல் ஓரமாக ஒரு முழம் கிழிந்துவிட்டது. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் பார்த்ததால் ஆட்கள் பிழைத்தார்கள். காய்ந்த ஒமேனா மட்டும் வந்த தண்ணீருக்கே திரும்பிப் போனது. தீவுச் சங்கத் தலைவர் மகோங்கோ படகோடு கூடவே லாரியில் வந்திருந்தார். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இன்னொரு படகுக்கு அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அதன் கூடு பட்டறையில் தையலுக்குக் காத்துக் கிடந்தது.

"அந்தப் படகு எனக்கு வேணும். ஆனா அந்த அலெகோக்காரி கை அதுல படக் கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சா நான் மொம்பாசாவுல போய் வாங்கிக்குவேன்" என்றார் மகோங்கோ.

பெண்ணைப் பிறந்த ஊர் பெயரால் கூப்பிடுவது அங்கே வழக்கம், மரியாதையும்கூட. அந்த ஆள் வாயில் அது காறித் துப்பினது மாதிரி வந்தது.

ரபுடோ கெட்டவரில்லை. தலையைச் சொறிந்தார், பெருமூச்சு விட்டார், பிறகு அவளுடைய வெல்டிங் டார்ச்சை எடுத்து இன்னொரு வெல்டர் ஒடுண்டோவிடம் கொடுத்துவிட்டார். அபோண்டிக்கு மூலையில் கிரில் கதவு வேலை. படகுத் தகட்டில் வெல்டு வைப்பதற்காகவே ஆண்கள் கூட்டத்தில் முண்டியடித்து வந்தவள் அவள். இரும்புக் கதவுக்குப் பூ வளைக்கவா இத்தனை பாடு? இந்தப் படகு கை நழுவினால் இனி எந்தப் படகும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். உலை வாயை மூடலாம், ஏரிக்கரை வாயை யார் மூடுவது?

கோபம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சண்டைக்குப் போவார்கள். அபோண்டி திரும்பி வந்த படகுக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்தாள். கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். தையல் கிழியவில்லை! அவள் போட்ட வெல்டு உருண்டு திரண்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, வெறும் தகட்டில்தான் கிழிசல் ஓடியிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். என் மேல் தப்பில்லை என்று எழுந்து கத்தப் போனாள். எழுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. படகைத் தொட்டியில் போட்டுப் பார்த்த அன்று சரியாக அந்த இடத்தில் நீர் கசிந்தது. ஓட்டையைக் கண்டால் மேலே இன்னொரு தடவை வெல்டு வை என்பதுதான் அந்தப் பட்டறைகளின் வேதம். அவளும் வைத்தாள். கசிவு கொஞ்சம் நகர்ந்தது. அங்கேயும் வைத்தாள். வெல்டு பருத்தது, கசிவு நின்றது, ரபுடோ முதுகில் தட்டினார். ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு நெருப்பில் நின்றதை யாரும் யோசிக்கவில்லை. அவளும்தான் யோசிக்கவில்லை. ஆக, தப்பு அவளுடையதுதான். வெல்டு வைக்கத் தெரியாத தப்பில்லை, சூட்டைத் தெரியாத தப்பு.

பாலிடெக்னிக்கில் உலோகப் பாடம் எடுக்கிற ஜெப்டும் என்கிற பெண் அவளுக்குப் பழக்கம். அந்தப் பெண் வீட்டு ஜன்னல் கம்பி அபோண்டி போட்டது. கிழிசல் பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, பையில் போட்டுக்கொண்டு, போடா போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். ஜெப்டும் அதைத் தேய்த்து மெருகேற்றி, மருந்து தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அக்கா நீங்களே பாருங்க என்று நகர்ந்துகொண்டாள். உள்ளே மணி மணியாக உலோகம். தூரத்தில் இருந்தவை பொடி மணிகள். வெல்டை ஒட்டினாற்போல இருந்தவை பெருத்து, ஒன்றையொன்று விழுங்கிக் கிடந்தன.

"சூட்டுல நின்னுக்கிட்டே இருந்தா மணி பெருத்துரும் அக்கா. பெருத்த மணிக்குப் பிடிப்பு கம்மி. கிளறாம விட்ட உகாலிக் களி கட்டி தட்டுமே, அந்த மாதிரி. தகடு மெல்லிசா இருந்தா சூடு ஓடிப்போக இடமும் இல்லை. அங்கேயே நின்னு வேகுது."

வெல்டு வைக்காமல் படகு எப்படிச் செய்வது என்று அபோண்டி எரிச்சலாகக் கேட்டாள். ஜெப்டும் சிரித்துவிட்டு, கரண்டு ஒரே சீராகப் பாயாமல் குதித்துக் குதித்துப் பாய்ந்தால் போதும் என்றாள். ஒரு நொடி உச்சத்துக்குப் போகும், உலோகம் உருகும். உடனே தணியும், உருகினது உறையும். மறுபடி உச்சம். மணிகளுக்குப் பெருக்க நேரமே கிடைக்காது, பொடியாகவே உறைந்துவிடும். எல்லாம் சொன்னாள். குதிப்பை எந்த எண்ணில் வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிற எண் அந்தப் புத்தகக்காரன் தகட்டுக்குத்தான் பொருந்தும், உங்கள் தகட்டுக்கு நீங்கள்தான் பிடிக்க வேண்டும், செய்து கொண்டு வாங்க, மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம் என்றாள்.

கரண்டு குதிக்கிற மெஷின் பட்டறையிலேயே இருந்தது. அதுதான் வேடிக்கை. மூடிப்போன பால் தொட்டி கம்பெனியிலிருந்து ரபுடோ வாங்கிப் போட்ட மெஷினில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. யாரும் தொடுவதில்லை. தொட்டால் வெளிச்சம் மினுக் மினுக்கென்று கண்ணைக் குத்தும், வெல்டு ஒல்லியாக வரும். ஒடுண்டோ அதற்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தான். அவன் வெல்டு மலைப்பாம்பு மாதிரி தடியாக இருக்கும். வாடிக்கைக்காரர்கள் அதைத் தடவிப் பார்த்து, கைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரமெல்லாம் அபோண்டி கழிவுத் தகட்டில் அந்தப் பட்டனோடு மல்லுக்கட்டினாள். குதிப்பு மெதுவாக வைத்தால் தகடு பொத்துக்கொண்டு மீன் வலை ஆனது. வேகமாக வைத்தால் பழைய மாதிரியே ஒரே உறுமல், ஒரே சூடு. ஒடுண்டோ டீக் கிளாசோடு வந்து நின்று பார்ப்பான்.

"என்ன அலெகோக்காரி, கொசு வளக்குறியா? கடிச்சுடப் போகுது."

"உன்னைக் கடிக்காது மச்சான். உன் தோல்ல ஊசியே இறங்காது."

சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் பொத்துப் போன தகடுகளைக் காலால் எத்திவிட்டு, கிரில் கதவே கதி என்று போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். மறுபடி எழுந்து வந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அவள் மாமியாரைக் கேட்டால் தெரியும்.

கடைசியில் பிடிபட்டது எண் மட்டுமில்லை, கையும்தான். இத்தனை காலம் உருகிச் சேர்கிற கம்பியைத் தன் இஷ்டத்துக்கு நுழைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கரண்டு சொல்கிறபடி கை கேட்க வேண்டும். ஏறும்போது கம்பி நுனியைக் காட்ட வேண்டும், இறங்கும்போது கையை நகர்த்த வேண்டும். ஆற அமர நடந்து போகிற வேகத்துக்குக் குதிப்பை வைத்தாள். ஒரு சொட்டு, ஒரு நகர்வு, ஒரு சொட்டு, ஒரு நகர்வு. முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது தையல் மீன் செதில் அடுக்கினாற்போல ஒல்லியாக, ஒழுங்காகக் கிடந்தது. பக்கத்தில் தகடு கறுக்கவே இல்லை. அன்றே அதை எடுத்துக்கொண்டு பாலிடெக்னிக்குக்கு ஓடினாள். ஜெப்டும் அதை மெஷினில் மாட்டி இழுத்தாள். பழைய மாதிரித் தடித்த வெல்டு வைத்த தகடு அறுந்த பாரத்தைவிட இது கால்வாசி கூடுதலாகத் தாங்கியது. அந்தப் பெண் எழுந்து நின்று அபோண்டியைக் கட்டிக்கொண்டாள்.

ரபுடோவிடம் போய்ச் சொன்னதும் அவர் மறுபடி தலையைச் சொறிந்தார். மகோங்கோ தலைவர் பெண் பார்க்க வருகிற நாள் நெருங்கிவிட்டது. கண்ணால் பார்த்து ஏமாந்தது போதும், இந்தத் தடவை கூட்டில் தையல் விழுவதற்கு முன்னாலேயே உன் ஆள் வெல்டை நான் இழுத்துப் பார்ப்பேன், தகட்டில் செய்து வை என்று அந்த ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். ஒடுண்டோ இரண்டு துண்டுத் தகட்டை வெல்டால் சேர்த்து ஒரு பட்டை செய்து வைத்துவிட்டான்.

"அந்தத் தலைவன் உன் பேரையே எடுக்கக் கூடாதுங்கறான். நான் என்னம்மா பண்ண?"

"என் பேரு வேணாம் அண்ணே. என் தகட்டை வைங்க, போதும்."

ரபுடோ அவள் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒடுண்டோவின் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அகலம், ஒரே தகடு. யார் எது என்று எழுதவில்லை.

பெண் பார்க்கும் நாளில் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கு வந்ததைப் பேசலாம். அடிக்காத குறையாகக் கேலி செய்யலாம். பெண் வீட்டார் பதில் பேசக் கூடாது. பெண்ணைக் கொடு என்று அவர்கள் வாயால் கேட்கிற வரைக்கும் வாயில் கொழுக்கட்டைதான். அந்த முறையைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் மாப்பிள்ளை வீட்டானாகத்தான் இருந்திருப்பான்.

மகோங்கோ தீவு ஜனத்தோடு காலையிலேயே வந்து இறங்கினார். வந்ததிலிருந்து பொழிந்து தள்ளினார். இது பட்டறையா ஆட்டுக் கொட்டிலா என்றார். படகுக் கூட்டைத் தட்டிப் பார்த்து, இவளுக்கு இடுப்பே இல்லையே என்றார். தீவுப் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ரபுடோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்போது மகோங்கோவின் கண் மூலையில் நின்ற அபோண்டி மேல் விழுந்தது.

"ஓ, அலெகோக்காரி இங்கதான் இருக்காளா? கிரில் கதவு நல்லா செய்யுறியாமே. செய்மா, செய்யி. கதவு தண்ணில போகாது."

அவளுக்குக் காது மடல் கொதித்தது. நாக்கு நுனியில் பதில் நாலு வரிசை கட்டி நின்றது. முறை என்றால் முறை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

விரித்திருந்த துணியில் இரண்டு பட்டையும் கிடந்தன. மகோங்கோ குனிந்து தடித்த வெல்டை எடுத்து ஆசையாகத் தடவினார். இதுதான் வெல்டு, இதுதான் உடம்பு, சாப்பிட்டு வளர்ந்த பெண் என்று கூட்டத்துக்குக் காட்டினார். ஒடுண்டோவுக்கு மார்பு நிமிர்ந்தது. ஒல்லியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். கம்பாலாவிலிருந்து யாரோ புது ஆள் எடுத்தாயாமே ரபுடோ, அவன் கைவேலையா இது, பாவம், கம்பி வாங்கக் காசில்லையா அவனுக்கு என்றார். ரபுடோவுக்குப் பதில் சொல்லக் கூடாது என்ற முறை அன்றைக்கு அமிர்தமாக இருந்திருக்கும்.

கரையில் படகை மேலே இழுக்கிற கை வின்ச்சு இருந்தது. எதிரே ஏரி மண்ணில் அடித்த கெட்டி முளை. தடித்த பட்டையை முளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டப் போனார்கள். மகோங்கோ கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது.

"ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டு. ரெண்டு பொண்ணும் கயிறு இழுக்கட்டும். ஒல்லி எங்க அறுதுன்னு பாத்துட்டு சாப்பிடப் போவோம்."

இரும்புக் கவ்விகளால் நான்கு முனையையும் பிடித்து, ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தார்கள். இப்போது தப்பிக்க வழியில்லை, இரண்டுக்கும் ஒரே இழுப்பு. தீவுக்காரர்கள் இரண்டு பேர் வின்ச்சைச் சுற்றினார்கள். கயிறு நிமிர்ந்தது, தண்ணீர் சொட்டியது, முறுக்கேறிப் பாட ஆரம்பித்தது. மகோங்கோ எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அபோண்டிக்குக் கண்ணை மூட வேண்டும் போல இருந்தது. மூடவில்லை. ஒல்லி அறுந்தால் அறுகிறதைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். 

படீரென்றது.

கயிறு தரையில் துவண்டது. இரண்டு பட்டையும் பிரிந்து கிடந்தன. ஒரு கணம் யாருக்கும் எது எது என்று தெரியவில்லை. ஒரு தீவுப் பெண்தான் போய்ப் பார்த்து, ஐயோ தடிச்சிதான் போச்சு என்றாள். ஒடுண்டோவின் வெல்டு வெல்டாகவே இருந்தது, ஒரு விரல் தள்ளித் தகடு கிழிந்திருந்தது. படகு கிழிந்த அதே மாதிரி. ஒல்லி அசையவில்லை.

மகோங்கோ நம்பவில்லை. ஒல்லியைத் தனியாக முளையில் மாட்டச் சொன்னார். இழு என்றார். இழுத்தார்கள். இன்னும் என்றார். வின்ச்சுக்காரர்கள் காலை உதைத்துக்கொண்டு சுற்றினார்கள். தகடு நீண்டது, கண்ணுக்குத் தெரிந்தே நீண்டது, தையல் மட்டும் விடவில்லை. இன்னும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கயிறு அறுந்தது. முளை பின்னால் துள்ள, அதைக் கட்டிப்பிடித்திருந்த மகோங்கோ ஏரிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பெண் வீட்டார் பேசக் கூடாது என்றுதான் முறை. சிரிக்கக் கூடாது என்று இல்லை. பட்டறையே சிரித்தது, மீன் பொரிக்கிறவர்கள் சிரித்தார்கள், தீவு ஜனமும் சேர்ந்து சிரித்தது. மகோங்கோ சேற்றிலேயே உட்கார்ந்தபடி கையை நீட்டி அந்தப் பட்டையை வாங்கினார். ஒல்லித் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி போயிருந்தது. அந்தத் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எத்தனை பேரை ஏரியிலேயே பறிகொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத்தானே தெரியும்.

"ரபுடோ, பொண்ணைக் கேக்குறேன், குடு. இந்த லோல்வே ஏரி மேல ஆணையாச் சொல்றேன். இதைத் தச்ச கைதான் என் படகை முழுசாத் தைக்கணும். வேற எந்தக் கையும் படக் கூடாது. யாரு அவன்? கூப்பிடு."

ரபுடோ தலையைச் சொறிந்தார். எல்லாருடைய கண்ணும் பட்டறைப் பக்கம் திரும்பியது. ஒடுண்டோ அறுந்த தன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் நினைத்திருந்தால் சும்மா நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உதட்டைக் குவித்து, அபோண்டி நின்ற பக்கம் நீட்டிக் காட்டினான்.

கூட்டம் விலகி வழி விட்டது. மகோங்கோ சேற்றிலிருந்து எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"போன படகும் நீதானே தச்சே?"

இப்போது அவள் பேசலாம். பெண்ணைக் கேட்டாயிற்று. காலையிலிருந்து அடக்கி வைத்த பதில்கள் எல்லாம் இருந்தன, ஆனால் அவற்றில் ஒன்றுமே அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அதுவும் நான்தான் ஐயா. இதுவும் நான்தான். அதுல சூட்டைத் தெரியாமத் தச்சேன், இதுல தெரிஞ்சு தச்சேன். என்னைத் திட்டினது சரி. கையை எடுக்கச் சொன்னதுதான் தப்பு."

மகோங்கோ சரி என்று தலையை ஆட்டினார். ஏரி மேல் போட்ட ஆணையைத் திருப்பி வாங்க முடியாது என்பதற்காக மட்டும் அவர் தலையை ஆட்டவில்லை, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. என் தம்பி பொண்டாட்டிக்கு இது பிரசவ மாசம் அலெகோக்காரி, சீக்கிரம் தை என்றார். இந்தத் தடவை அந்தப் பெயர் ஊர்ப் பெயராகவே வந்தது. தீவுப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள், மீன் பொரிக்கிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு தெரு முனை வரைக்கும் கொண்டுபோனார்கள். அபோண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. வரட்டும் என்று விட்டாள், சம்பாதித்த தண்ணீர்தானே.

ரபுடோ டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு படகுக் கூட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். மகோங்கோ ஒரு தகர டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, அவளுக்கு நேர் எதிரே போட்டு, சட்டமாக உட்கார்ந்தார். முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை தன் கண்ணால் பார்க்காமல் சாப்பிடப் போவதில்லை என்றார்.

"பாக்கக் கூடாது தலைவரே, கண்ணு போயிடும். அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றாள் அபோண்டி.

மஃபங்கானோ தீவுச் சங்கத் தலைவர் மகோங்கோ மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, டிரம்மைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அபோண்டி முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.